கிராமில் புலி, கிலோமீட்டரில் எலி

எங்களிடம் விலை கேட்கிறவர்கள் அடுத்த மூச்சில் கேட்பது, "வாடகை யாருதுங்க?" விலையை நான் தூக்கத்திலும் சொல்வேன். ரெசின் கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினால் 18 கிராம் பிரிஃபார்மில் 1.8 பைசா ஏறும். கரண்டு இவ்வளவு, அட்டைப்பெட்டி இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். வாடகை என்றதும் அதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சும்மா இருந்தால் ஆர்டர் போய்விடுமே என்கிற பயத்தில் வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன எண்களால் எங்கள் கம்பெனி வளர்ந்ததோ இல்லையோ, மேற்கு, தெற்கு மாவட்டங்களின் லாரித் தொழில் கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

பிரிஃபார்ம் என்பது பாட்டிலாகப் போகிற குழாய். கழுத்தில் மரை, மரைக்குக் கீழே ஒரு வளையம், அதற்குக் கீழே கெட்டியான கண்ணாடி நிறக் குழாய், உள்ளங்கையில் அடங்கிவிடும். வாங்கிப் போகிறவர் அதைச் சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, உள்ளே கம்பியை விட்டு இழுத்து, அழுத்தமான காற்றை ஊதினால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கிடைக்கும். கழுத்து மட்டும் நாங்கள் கொடுத்தபடியே இருக்கும். டூபாண்ட் நிறுவனத்தின் பொறியாளர் நதானியல் வைத் 1973-இல் இந்தப் பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி ஆண்ட்ரூ வைத், அமெரிக்காவின் பேர்பெற்ற ஓவியர். "தம்பி வரைஞ்சதை மியூசியத்துல போய்ப் பாக்கோணும். அண்ணன் செஞ்சது ரோட்டோரம் பூராக் கெடக்குது" என்பார் என் மச்சான். பெருமையாகச் சொல்கிறாரா வருத்தமாகச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

பாட்டிலாகவே செய்து விற்காமல் ஏன் குழாயாக விற்க வேண்டும்? வாடகைதான் காரணம். 17 அடி லாரியில் ஒரு லிட்டர் காலி பாட்டில் 12,000 ஏற்றினாலே பெரிது. அதே லாரியில் பிரிஃபார்ம் இரண்டு லட்சத்தை எட்டிப் பிடிக்கும். காலி பாட்டிலை அனுப்புகிறவன் காற்றுக்கு வாடகை கட்டுகிறான். காற்றுதான் எல்லா ஊரிலும் இருக்கிறதே, அங்கேயே ஊதிக்கொள்ளட்டும் என்று ஏற்பட்டதுதான் இந்தத் தொழில். வாடகையை மிச்சம் பிடிப்பதற்கென்றே உள்ள ஒரு பண்டத்தை விற்று, அதன் வாடகையிலேயே கையைச் சுட்டுக்கொள்ளத் தனித் திறமை வேண்டும். அது எனக்கு நிறைய இருக்கிறது.

கோயம்புத்தூருக்கு வெளியே எங்கள் கம்பெனி. மச்சானும் நானும் கூட்டு. மெஷின், மோல்டு, ரெசின் எல்லாம் அவர் பார்ப்பது. விற்பனையும் டெஸ்பாட்சும் என் தலையில். பங்கு பிரிக்கும்போது, "மாப்ளே, உங்களுக்கு வாய் இருக்குதுங்க, நீங்க வெளிவேலை பாருங்க" என்றார். அன்றைக்கு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

நாகர்கோவில் அண்ணாச்சி ஒருவர் 5 டன் கேட்டுப் போன் செய்தார். எங்களுக்கு அது பெரிய ஆர்டர். "எங்க ஊர்ல எறக்கி என்ன ரேட்டு தம்பி? எனக்கு லாரி ஆபீஸ், வாடகை, அலைச்சல் ஒண்ணும் வேண்டாம், பாத்துக்கிடுங்க" என்றார். அதாவது எஃப்.ஓ.ஆர். விலை. மனக்கணக்கில் எனக்குக் கர்வம் உண்டு. 400 கிலோமீட்டருக்கு மேல் தூரம். 17 அடி லாரிக்கு வாடகை 18,000 ரூபாய். 5 டன் தாங்கும். கிலோவுக்கு 3 ரூபாய் 60 காசு. 18 கிராமுக்கு ஆறரை பைசா. "ஒரு பீஸுக்கு ஏழு பைசா சேத்துக்கலாம் அண்ணாச்சி" என்றேன். அந்த அரை பைசா கூட்டிச் சொன்னதற்காக அன்று சாயங்காலம் வரை எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது.

லோடு ஏற்றிய அன்று குற்ற உணர்ச்சி தெளிந்தது. எங்கள் பெட்டி 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். உள்ளே 1,500 பிரிஃபார்ம், 27 கிலோ. லாரியில் நீளவாக்கில் எட்டுப் பெட்டி, அகலத்தில் நாலு, உயரத்தில் நாலு. ஆக 128 பெட்டி. 5 டன் என்றால் 185 பெட்டி ஏற வேண்டும். மிச்சம் 57 பெட்டி கீழே நிற்கிறது. லாரியில் விரல் நுழைக்க இடமில்லை. எடை மேடைக்கு அனுப்பினால் சரக்கு மூன்றரை டன் என்று சீட்டு வருகிறது. "சார், வண்டி இன்னும் ஒன்றரை டன் தாங்கும் சார்" என்றார் டிரைவர். எங்கே ஏற்றுவது என்று கேட்டேன். அவர் வானத்தைக் காட்டினார். ஐந்தாவது அடுக்குப் போட்டால் அடிப்பெட்டி நசுங்கும். நசுங்கினால் கழுத்து கோணும். கழுத்து கோணினால் மூடி கசியும். அது எனக்குத் தெரியும். கழுத்து கிராம் பக்கத்து விஷயம்.

மச்சான் வெளியே வந்து லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "மாப்ளே, லாரிக்கு முதுகு மட்டும் இல்லீங்க, வயிறும் இருக்குது. நம்ம சரக்குக்கு வயிறுதான் மொதல்ல நெறையும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிரிஃபார்ம் கெட்டியான சாமான்தான். ஆனால் நடுவில் ஓட்டை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் சந்து. பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்று. காற்றுக்கு வாடகை கட்டாமல் இருக்கவே பிறந்த தொழில் என்று மேலே பெருமையடித்தேன் அல்லவா? முழுக்கத் தப்பவில்லை, குறைத்திருக்கிறோம், அவ்வளவுதான். 1,92,000 பிரிஃபார்முக்கு ஏழு பைசா வீதம் அண்ணாச்சியிடம் வாங்கியது 13,440 ரூபாய். லாரிக்குக் கொடுத்தது 18,000.

மிச்சம் 57 பெட்டியைப் பார்சல் லாரியில் போட்டுவிடலாம், அதிலாவது எடைக்குத்தானே வாடகை என்று புக்கிங் ஆபீஸ் போனேன். அங்கே இருந்தவர் எடை மேடைப் பக்கம் திரும்பாமல் மேஜை இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்தார். அளந்தார். "நாலரை கன அடி. ஒரு கன அடிக்குப் பத்து கிலோ சார் கணக்கு. பொட்டிக்கு நாப்பத்தஞ்சு."

"27 கிலோதானுங்க இருக்குது, வேணும்னா வெச்சுப் பாருங்க."

"பொரி மூட்டையும் வெயிட் இல்லைதான் சார். அதுக்காக வண்டி பூரா பொரி ஏத்திட்டுப் போனா டீசலுக்கு யார்கிட்டப் போறது?"

இதற்குப் பதில் சொல்லப் பொறியியல் படித்த எனக்குத் தெரியவில்லை. 1,539 கிலோ சரக்கு, ரசீதில் 2,565 கிலோ ஆனது. அந்த அதிர்ச்சியில், வாடகையை இங்கேயே கட்டிவிடுகிறேன், எல்.ஆர். என்கிற லாரி ரசீதில் 'பெய்டு' என்று போடுங்கள் என்று சொல்ல மறந்தேன். சொல்லாவிட்டால் அது 'டு பே'. அதாவது சரக்கை எடுக்க வருகிறவர் கட்ட வேண்டும். வாடகை, லாரி ஆபீஸ், அலைச்சல் ஒண்ணும் வேண்டாம் என்றாரே, அந்த அண்ணாச்சிதான் எடுக்க வருகிறவர்.

அதற்கு முன்னால் சரக்கு மதுரையில் ஒரு கோடவுனில் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்தது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் அதற்கு ஆயுள். ஆயுள் முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரைக்கும் நீட்டித்துக்கொள்ள அனுமதி உண்டு. நள்ளிரவோடு முடிந்தால் காலை எட்டு மணி வரை. நீட்டிக்க வேண்டியவர்கள் லாரி ஆபீஸ்காரர்கள், நினைவுபடுத்த வேண்டியவன் நான். காலை ஏழரைக்கு நான் நடைப்பயிற்சியில் இருந்தேன். டாக்டர் சொன்னபடி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். அதைச் சரிசெய்ய அப்புறம் நான் நடந்தது, டாக்டர் சொன்னதைவிட அதிகம்.

அண்ணாச்சி நல்ல மனிதர். சரக்கை எடுத்தார், ஓட்டினார், எங்களுக்குப் பணமும் அனுப்பினார். அனுப்பும்போது கழித்துக்கொண்டதை ஒரு காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். பார்சல் வாடகை, கோடவுன் வாடகை, குட்டியானை, இறக்குக்கூலி, லாரி ஆபீஸுக்கு இரண்டு தடவை போய்வந்த பெட்ரோல். கடைசி வரியில் 'டீ' என்று போட்டு, எதிரே தொகை போடாமல் கோடு கிழித்திருந்தார். அந்தக் கோட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் அனுபவம், அடுத்த தடவை நடக்காது என்று மச்சானிடம் சொன்னேன். நடக்கவில்லை. அடுத்த தடவை நடந்தது வேறு.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை வந்தது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கல்யாணப் பந்திக்கு வைக்கிற சின்ன பாட்டிலுக்கு மாறினார்கள். கேள்விப்பட்டிராத ஊர்களிலிருந்தெல்லாம் எங்களுக்குப் போன் வந்தது. எல்லாம் அரை டன், முக்கால் டன் ஆர்டர். லாரி நிறையாது, பார்சலில் போட்டால் டேப் எடுப்பார்கள். தேனிப் பக்கம் இரண்டு மூன்று பேரைச் சேர்த்து ஒரே லாரியில் அனுப்பிவிடுவது என்று நானே ஒரு திட்டம் போட்டேன். திட்டத்தில் தப்பில்லை. முதலில் இறக்க வேண்டியதை உள்ளே தள்ளி, கடைசியில் இறக்க வேண்டியதை வாசலில் ஏற்றினேன். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

அந்த நடையில் கடைசி ஊர்க்காரரிடம், "17 அடி வண்டி உங்க தெருவுக்குள்ள வருமாங்க?" என்று ஒழுங்காகவே கேட்டிருந்தேன். "என்ன சார் இப்படிக் கேக்குறீங்க, எங்க தெருவுல தேரே வரும்" என்றார். எனக்கு அதற்குமேல் என்ன சான்று வேண்டும்? லாரி தெருமுனையில் நின்றுகொண்டு டிரைவர் கூப்பிட்டபோதுதான் விவரம் புரிந்தது. தேர் வருஷத்துக்கு ஒரு நாள் வரும். அன்றைக்குக் கரண்டை நிறுத்தி, குறுக்கே போகிற வயரையெல்லாம் கழற்றிவிடுவார்கள். வாசலில் நிற்கிற வண்டிகளையெல்லாம் எடுத்துவிடுவார்கள். ஊரே வடம் பிடிக்கும். எங்கள் லாரிக்கு யார் வடம் பிடிப்பது? மெயின் ரோட்டிலேயே இறக்கி, குட்டியானையில் மாற்றி, நடை நடையாக உள்ளே கொண்டுபோனார்கள். லாரிக்கு ஹால்டிங் சார்ஜ் தனி. இறக்கி ஏற்றி இறக்கியதற்கு மூன்று கூலி. வாடிக்கையாளர் பணம் தர மறுத்தார் என்று சொல்ல முடியாது, "தேர் வரும்னுதானே சொன்னேன், லாரி வரும்னு சொன்னேனா?" என்றுதான் கேட்டார்.

அதற்கப்புறம் ஒரு காலம், வாடகையில் விட்டதைச் சிக்கனத்தில் பிடிப்பது என்று கிளம்பினேன். அட்டைப்பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக் சாக்கு. பெட்டி செலவு மிச்சம்; லாரியில் சந்து பொந்தெல்லாம் சாக்கைத் திணிக்கலாம்; அதே வாடகைக்குக் கூடுதல் சரக்கு போகும். ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று மச்சானிடம் விளக்கினேன். சாக்கைத் தூக்குகிறவர் பெட்டியை வைப்பதுபோல வைக்க மாட்டார், எறிவார் என்பது மாங்காய்க் கணக்கில் வரவில்லை. பிரிஃபார்மில் விழுகிற சின்னக் கீறல் குழாயாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஊதினால் பாட்டிலோடு சேர்ந்து அதுவும் விரியும். "பாட்டில் பூராக் கோடு கோடா இருக்கு சார், மூஞ்சில போட்ட மேக்கப் கலைஞ்ச மாதிரி" என்று ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா சொன்னார். லோடு திரும்பி வந்தது. திரும்பி வருவதற்கும் வாடகை உண்டு என்பதும் எனக்கு அப்போதுதான் தோன்றியது. வந்ததை அரைத்துக் கழிவு விலைக்குக் கொடுத்தோம். கழிவு வாங்குகிறவர் வாசலுக்கே வண்டி கொண்டுவந்து, வாடகையைத் தானே கட்டி எடுத்துப் போனார். எங்கள் கம்பெனி வரலாற்றில் வாடகைத் தகராறு இல்லாமல் நடந்த வியாபாரம் அது ஒன்றுதான்.

ரிட்டர்ன் லாரி கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரிலிருந்து சரக்கோடு வந்த லாரி காலியாகத் திரும்பிப் போவதற்குப் பதில் பாதி வாடகைக்கு நம் சரக்கை ஏற்றிக்கொள்ளும். இதை ஏதோ நான் கண்டுபிடித்ததுபோலப் புரோக்கர்களுக்கெல்லாம் போன் போட்டு, தூத்துக்குடிக்கு ஒரு வண்டி பிடித்தேன். வாடகையைக் கேட்டதும் சந்தோஷத்தில் வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. தூத்துக்குடியிலிருந்து கோயம்புத்தூருக்கு அந்த லாரி எதைக் கொண்டுவந்தது என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கருவாடு. லாரியைக் கழுவித்தான் கொண்டுவந்தார்கள். பொய் சொல்லக் கூடாது. ஆனால் சிக்கனத்தின் பெயரால் அட்டைப்பெட்டிக்குள் போடுகிற பாலித்தீன் பையை அந்த மாதம்தான் நிறுத்தியிருந்தேன். மே மாத வெயிலில் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ராத்திரியும் ஒரு பகலும். தண்ணீர் கம்பெனிக்காரர் பெட்டியைப் பிரித்து மூக்கை உள்ளே விட்டாராம். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் தண்ணியில்லா விக்கேன்?" என்று கேட்டார். பாலித்தீன் பை மறுநாளே திரும்ப வந்தது.

மே மாதம் என்றதும் இன்னொன்று. வருஷம் முழுக்க ஒரே வாடகை என்று சிலருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். தண்ணீர் விற்பது வெயிலில். எங்கள் ஆர்டரில் பாதி பங்குனி, சித்திரை, வைகாசியில் வரும். சேலம், கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழம் இறங்குவதும் அப்போதுதான். மாம்பழம் காத்திருக்காது, பிரிஃபார்ம் காத்திருக்கும் என்று லாரிக்காரருக்குத் தெரியும். வாடகை ஏறிவிடும். என் வாக்கு ஏறாது.

இத்தனைக்கும் முன்னால், அண்ணாச்சி போன் செய்வதற்கும் முன்பே, எனக்கே எனக்கென்று பெருமைப்பட ஒரு யோசனை இருந்தது. அது எடைக் குறைப்பு. 19 கிராமில் போட்டுக்கொண்டிருந்த ஒரு லிட்டர் பிரிஃபார்மை மச்சான் 18 ஆக்கினார். மோல்டில் உள்ளே போகிற கோர் பின்னைக் கொஞ்சம் தடிமனாக மாற்றினால் குழாயின் சுவர் மெலிசாகும். ஒரு கிராம் மிச்சம். அவர் செய்தது சரியான வேலை. நான் உடனே எல்லாருக்கும் போன் போட்டு, "எடை குறைஞ்சிருச்சு, அதனால வாடகையும் குறையும்" என்று அறிவித்தேன். நூற்றுக்கு ஐந்து குறையும் என்று கணக்கும் சொன்னேன். கணக்கு தெரிந்த ஒருவர் எழுதியே வாங்கிக்கொண்டார்.

மெலிந்தது சுவர். மெலிந்ததும் உள்பக்கமாக. வெளியளவு அப்படியே இருக்கிறது. நீளம் அப்படியே இருக்கிறது. பெட்டிக்கு 1,500-தான். லாரிக்கு 128 பெட்டிதான். வாடகை 18,000-தான். முன்பு 19 கிராமில் கட்டிய அதே பைசாவை இப்போது 18 கிராமுக்கும் கட்டுகிறோம். கிலோவுக்குப் பார்த்தால் வாடகை கூடியிருக்கிறது. குறைந்த அந்த ஒரு கிராமின் இடத்திலும் காற்றுதான் பயணம் செய்கிறது. டேப் வைத்து அளந்த மனிதரை அதற்கு முன்பே பார்த்திருந்தால், இதை ஆர்டர் எழுதுமுன் யோசித்திருப்பேன். கழுத்தைக் குட்டையாக்கும் 1881 என்கிற மாதிரிக்குப் போனால்தான் எடையோடு நீளமும் கொஞ்சம் குறையும். அதற்கு மோல்டை மாற்ற வேண்டும், வாங்குகிறவர் மூடியையும் மாற்ற வேண்டும். "அது எப்ப மாத்தறதுன்னு நான் சொல்றனுங்க மாப்ளே, அதுவரைக்கும் யாருக்கும் போன் பண்ணிறாதீங்க" என்று மச்சான் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டார் என்பது என் மரியாதைக்காக நான் போட்ட சொல்.

ஆடிட்டர் வந்தது இதற்கெல்லாம் நடுவில். பில்லில் சரக்குக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு, வாடகையைத் தனி வரியாகக் காட்டி அதற்கு 5 சதவீதம் போட்டு வந்தேன். லாரிக்காரருக்கு 5 சதவீதம்தானே என்கிற நியாயம். வாடிக்கையாளர்களுக்கும் அது பிடித்திருந்தது. ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றினார். சரக்கைக் கொண்டுவந்து இறக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு விற்றால் வாடகையும் சரக்கின் விலையோடு சேர்ந்ததுதான், சரக்குக்கு என்ன வரியோ அதுதான் வாடகைக்கும் என்றார். விட்டுப்போன வரிக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டேன். வருஷத்துக்கு 18 சதவீதம். வரி 18, வட்டி 18, பிரிஃபார்ம் 18 கிராம். எண்கள் இப்படி ஒத்துப்போவது அழகாக இருக்கிறது என்று சொன்னேன். மேஜைக்கு அந்தப் பக்கம் யாரும் ரசிக்கவில்லை.

நான் முட்டாள் இல்லை என்று நிரூபிக்க ஒரு வாடகைப் பட்டியல் தயாரித்தேன். ஊர், தூரம், லாரியின் அளவு, எத்தனை பெட்டி, பீஸுக்கு எத்தனை பைசா. சுங்கச்சாவடி உட்பட எல்லாம் சரியாக இருக்கும். இன்றைக்கும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. போனில் ஒருவர், "அண்ணே, மொத தடவை உங்ககிட்ட வர்றேன், பாத்துச் செய்யுங்க" என்றால் பட்டியலைத் திறக்கக் கை வராது. மதுரைக்காரர் "அண்ணே" என்பார், திருநெல்வேலிக்காரர் "தம்பி" என்பார், எங்கள் ஊர்ப்பக்கத்தவர் நாலாவது வாக்கியத்தில் ஏதாவது ஒரு உறவைக் கண்டுபிடித்துப் "பங்காளி" ஆக்கிவிடுவார். பங்காளியிடம் போய் 9.4 பைசா என்று எப்படிச் சொல்வது? "ஏழு போட்டுக்குங்க" என்று வந்துவிடும். இதை வியாபார உத்தி என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம்தான். எதிரே இருப்பவர் ஒரு விநாடி பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை விலை குறைத்து நிரப்புகிறவன் நான்.

இப்போது டெஸ்பாட்சை எங்கள் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெண்ணிடம் மச்சான் ஒப்படைத்துவிட்டார். பி.காம். படித்தவள், வயது 24. அவளுக்கு யாரும் பங்காளி இல்லை. "லாரி வருமா" என்று அவள் கேட்பதில்லை; தெருமுனையிலிருந்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறாள். மேலே ஓடுகிற வயரும் தெரிய வேண்டுமாம். ரிட்டர்ன் லாரி என்றால் முதல் கேள்வி, போன லோடு என்ன? வாடகை எவ்வளவு என்று கேட்கிறவர்களிடம் பைசாவில் சொல்லிவிட்டு அமைதியாக இருக்கிறாள். எதிர்முனையும் அமைதியாக இருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கும் எனக்கு வியர்க்கிறது. அப்புறம் எதிர்முனை, "சரி, அனுப்புங்க" என்கிறது. ஆர்டர் போகவில்லை. நாகர்கோவில் அண்ணாச்சிகூட மறுபடி வாங்கினார், சரியான வாடகைக்கு. "அந்தப் பிள்ள நல்ல விவரமா பேசுது" என்று என்னிடமே சொன்னார்.

எனக்குக் கொடுத்திருப்பது சாம்பிள் அனுப்புகிற வேலை. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு நாலைந்து பிரிஃபார்மை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கூரியரில் அனுப்ப வேண்டும். இரண்டு ரூபாய் சாமானுக்குக் கூரியர் செலவு பல மடங்கு. ஆனால் லாரி இல்லை, கன அடி இல்லை, தேர் இல்லை. இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று மச்சான் நினைத்திருக்கிறார்.

சேர்ந்த புதிதில் நீலகிரிக்காரர் ஒருவர் சாம்பிள் கேட்டார். ஒரு லிட்டர் பிரிஃபார்மும், அதிலிருந்து ஊதிய பாட்டிலும் எடுத்துக்கொண்டு நானே காரில் மேட்டுப்பாளையம் தாண்டினேன். நீலகிரியில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2019 முதலே தடை இருப்பது எனக்குத் தெரியாததல்ல; விற்பதற்குத்தானே தடை, காட்டுவதற்கு என்ன என்று நினைத்துக்கொண்டேன். சோதனைச் சாவடியில் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிரிஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது பாட்டில் இல்லை என்று திரும்பக் கொடுத்தார்கள். மேலே போனதும் அவர் சொன்னார், அவருடைய யூனிட் காரமடையில் இருக்கிறதாம், வீடுதான் குன்னூர்.

போன வாரம் புதுக்கோட்டைக்கு ஒரு சாம்பிள் போட்டேன். விலாசம் சரி, பின்கோடு சரி, டப்பாவுக்குள் பாலித்தீன் பை, எடை சரி, ரசீதும் பத்திரம். மறுநாள் சாயங்காலம் அவர் போன் செய்தார். பிரிஃபார்ம் நன்றாக இருக்கிறதாம், ஊதிப் பார்த்தாராம், பாட்டிலும் நன்றாக வந்ததாம். மூடி எங்கே என்று கேட்டார். மூடிக்குத் தனியாக ஒரு கூரியர் போட்டிருக்கிறேன். அந்த ரசீதை இன்னும் அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை.